தொப்பிக்காரன் ஓடிய சனிக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஜப்பான் பாஷை தெரிந்த ஒரே ஆள் எங்கள் மாமா. அவருக்கும் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. ஆனால் அந்த டிசம்பர் லீவு முழுக்க அவர் சொன்ன ஜப்பான் பாஷையை நம்பித்தான் நானும் தம்பியும் விளையாடினோம். அதனால் எங்களுக்கு வந்த நட்டத்தைச் சொல்லி மாளாது.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. தோட்டத்துப் பையன்கள் கொழும்புக்குப் போனால் சாப்பாட்டுக் கடையில் நிற்பார்கள், இல்லாவிட்டால் புடவைக் கடையில் நிற்பார்கள். இவர் மட்டும் புறக்கோட்டையில் டிவி, ரேடியோ திருத்துகிற கடையில் சேர்ந்து ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். அதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தனி மிதப்பு இருந்தது. லயத்தில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும், "தம்பி வரட்டும், பாத்துக்கலாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிவாள். தம்பி வந்து பார்த்த ரேடியோக்களில் பாதி அதற்குப் பிறகு கரகரக்கவும் இல்லை, பாடவும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடம் அவர் கடை ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு எத்தனை நாள்தான் கடையில் குந்தியிருப்பது? மாமா நானா என்று கூப்பிடுகிற முதலாளி நல்ல மனுஷர். "அக்கா வீட்ல போய் நல்லாத் தின்னுட்டு படுத்துக் கிட" என்று ரயில் ஏற்றிவிட்டிருந்தார். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து திரீவீலரில் தோட்டத்து முச்சந்திவரை வந்தார். அதற்கு மேல் லயத்துப் பாதை ஒரே சேறு. இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வழி நெடுக "ஏய் பாத்து, பாத்து, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தார். காலுக்குத்தான் கத்துகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். உள்ளே கொண்டுவந்து கட்டிலில் இருத்திய பிறகுதான், மடியில் துவாய் சுற்றி ஒரு பெட்டி வைத்திருந்தது தெரிந்தது. காலைவிட அதைத்தான் பத்திரமாகப் பிடித்திருந்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு டிவி கேம். ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் திருத்தக் கொடுத்ததாம். திருத்தின சாமானை ஓட்டிப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது மாமாவின் தொழில் தர்மம். மூன்று வாரம் ஓட்டிப் பார்ப்பதாக உத்தேசம். அதன் பின்பக்கம் ஓட்டை போட்டு இரண்டு வயரை வெளியே இழுத்துவிட்டிருந்தார். உள்ளே அவர் ஒரு சின்னச் சில்லைப் பற்றவைத்திருக்கிறாராம். அந்தந்த நாட்டு டிஸ்க் அந்தந்த நாட்டுப் பெட்டியில்தான் ஓடும், டிஸ்க்கைப் போட்டதும் நீ எந்த நாடு என்று பெட்டி கேட்கும், சரியான பதில் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடும் என்று விளக்கினார்.

"இப்ப நா வச்ச சில்லு இருக்குல்ல, அது எந்த நாடுன்னு கேக்கவே கேக்காது. யாரு வந்தாலும் வாங்கன்னு சொல்லிரும்."

அடுப்படியிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "அதுக்கும் நம்மள மாதிரிக் காயிதம் கேக்குறானுங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள். மாமா ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு எப்போதடா டிவியைப் போடுவார்கள் என்று இருந்தது.

போட்டார்கள். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. எங்கள் டிவி கலர் டிவி. அப்பா அதற்காக எவ்வளவு பாடுபட்டார் என்று எங்களுக்குத் தெரியும். தம்பி அழ ஆயத்தமானான். "ஜப்பான்ல இப்பிடித்தான்டா, எல்லாமே கறுப்பு வெள்ளைதான்" என்று மாமா கூசாமல் சொன்னார். அந்த நாட்டு டிஸ்க்கின் கலர் நம் நாட்டு டிவியோடு ஒத்துப்போகாது என்பது டிவி திருத்துகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? தன் சில்லின் மானத்தைக் காப்பாற்ற ஒரு நாட்டையே நரைக்கவைத்துவிட்டார்.

ஆனால் படத்தைப் பார்த்ததும் தம்பி அழுகையை மறந்துவிட்டான். திரையில் ஒரு மலை. மலை முழுக்க நிரை நிரையாகச் செடி. முதுகில் கூடையோடு ஒரு பொடியன். மூலையில் கொஞ்சம் மூடுபனிகூட இருந்தது.

"அக்கா, அம்மா வேல செய்ற மல!" என்றான்.

வேறென்னவாக இருக்க முடியும்? எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் தெரிவது அதுதான். பொடியனை நிரையில் நடக்கவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால், செடியிலிருந்து எதுவோ எம்பி வந்து கூடைக்குள் விழும். கறுப்பு வெள்ளையில் அது காயா, பழமா, இலையா என்று தெரியாது. நாங்கள் யோசிக்கவே இல்லை, கொழுந்து என்று வைத்துக்கொண்டோம். காலையில் மணியடித்ததும் பொடியன் வீட்டுக்கு வெளியே வந்து விறைப்பாக நிற்பான். அவன் பெரட்டுக்கு நிற்கிறான், இன்றைக்கு எந்த மலைக்குப் போவது என்று ஆள் பிரிக்கப்போகிறார்கள் என்று தம்பி வியாக்கியானம் சொன்னான்.

மலைக்கு மேலே ஒரு பாலம் இருந்தது. பாலத்தின் முடிவில் ஒரு பெரிய கதவு. கதவுக்கு அப்பால் ஒரு வீடு. அதன் ஜன்னலில் மட்டும் எப்போதும் வெளிச்சம். படத்தின் அடியில் ஒரு வண்டியும் அதன் பக்கத்தில் அந்தக் கதவும் சின்னதாக வரைந்திருந்தது. வண்டி நிறைந்தால் கதவு திறக்கும் என்று மாமா ஜப்பான் எழுத்தை வாசித்துச் சொன்னார். அதை அவர் எப்படியோ சரியாகச் சொல்லியிருந்தார். எனக்கு அன்றைக்கே அந்த வீட்டின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. உள்ளே யார் இருக்கிறார்கள், ஏன் விளக்கை அணைப்பதே இல்லை, கதவு திறந்தால் நம்மை என்னவென்று கேட்பார்கள்? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. லீவு முடிவதற்குள், மாமா பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவதற்குள், அந்தக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் இருக்கவில்லை.

தொப்பிக்காரன் வந்தது முதல் நாள் சாயந்தரம். அதாவது, விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்தபோது. கூடை நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து ஒரு மணியடித்தது. பெரிய தொப்பி, நீளக் கோட்டு, மூக்குவரை சுற்றின மப்ளர் சகிதம் ஒருவன் வந்தான். வந்தவன் பேசாமல் ஒரு சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ஜப்பான் எழுத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வரி. மேல் வரியை ஒரு சின்னக் கை சுட்டிக்கொண்டிருந்தது.

"மேல உள்ளது 'சரிங்க'. கீழ உள்ளது 'முடியாது'" என்று வாசித்தார் மாமா.

"கீழ உள்ளத அமுக்கினா என்ன மாமா நடக்கும்?"

"நாளைக்குப் பேரு போடமாட்டான். வேற என்ன?"

எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் பேர் போட்டால்தான் வேலை, வேலை இருந்தால்தான் உலை. பொழுது சாயும் நேரம், எடுத்த கொழுந்தைக் கேட்டு, தொப்பியும் கோட்டுமாக ஒருவர் வந்து நின்றால் அவர் கொழுந்து நிறுக்கிற ஐயாவைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? மப்ளரைப் பற்றியும் யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊர் டிசம்பரில் காவல்காரரிலிருந்து டாக்டர் வரைக்கும் மூக்கு தெரிய நடமாடுகிற ஆளே கிடையாது. நான் மேல் வரியை அழுத்தினேன். கூடையில் இருந்தது முழுக்கச் சாக்குக்குள் போயிற்று. அவன் இரண்டு துள்ளுத் துள்ளிவிட்டுப் போய்விட்டான். நம் வேலையில் ஐயாவுக்கு ரொம்பத் திருப்தி என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாளும் வந்தான், கொடுத்தோம். அதற்கு மறுநாளும் அப்படியே. வண்டி மட்டும் நிறைவதாக இல்லை. அவன் போன பிறகு இருட்டுவதற்குள் அவசரமாகக் கிள்ளிப் போடுகிற நாலைந்துதான் வண்டிக்குள் கிடந்தது. ஆனால் நாங்கள் யாரைக் குறை சொன்னோம் தெரியுமா? எங்களைத்தான். நாம் எடுப்பது போதவில்லை, அதனால்தான் அரைப்பேர் போடுகிறான் என்று தம்பி சொன்னான். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் முழுநாள் வேலையைப் பாதிநாளாகப் பதிவார்களே, அந்த அரைப்பேர். நான் ஒத்துக்கொண்டேன். இன்னும் வேகமாக எடுக்கப் பழகினோம். கட்டிலில் சாய்ந்தபடி மாமா ஊன்றுகோலை நீட்டி, "அங்க ஒரு நிரைய விட்டுட்ட பாரு, கண்ணு எங்க இருக்கு?" என்று அதட்டினார். கொழும்பில் நாலு வருடம் இருந்தும் தோட்டத்து அதட்டல் ஒரு துளி மாறவில்லை.

அம்மாவுக்கு இந்த விளையாட்டு அறவே பிடிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்கை வாசல் இஸ்தோப்பில் உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், டிவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"காலையில இருந்து நா எடுத்தது போதாதுன்னு வீட்லயும் கொழுந்தாடி எடுக்குறீங்க? வெளங்கிரும்."

அதன் பிறகு அவள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். மழைக்காலமாதலால் நிறுவையில் தண்ணீருக்கென்று கழிப்பது கூடிக்கொண்டே போயிற்று. "தண்ணிக்கு வெட்டிட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் தினமும் வீட்டுக்குள் நுழைவாள். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு அது "டீ இருக்கா" என்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது. கூடையில் எட்டுக் கிலோ இருந்தால் அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கொழுந்து என்று நிறுக்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதும் இல்லை. எனக்கு என் வண்டிக் கவலை.

இதில் இன்னொரு தலைவலியும் இருந்தது. ஆட்டம் எதுவரை வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் துண்டைப் பெட்டியில் செருக வேண்டுமாம். அதைப் பெட்டிக்காரர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். ஆகவே அணைத்தால் எல்லாம் போச்சு, மறுபடியும் முதல் நாள் பெரட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இரவு பகலாகப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரில் அதன் சூட்டை முதலில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுப் பூனை. பிறகு அம்மாவும் கண்டுபிடித்துவிட்டாள். தம்பியின் காலுறை அதன் மேல்தான் காய்ந்தது. சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் பெரியம்மா கரண்ட் கேத்தலில் தண்ணீர் சுடவைத்தால் லயம் முழுக்க விளக்கு மங்கும், பெட்டியும் மூச்சை விட்டுவிடும். இரண்டு தடவை அப்படி எல்லாம் பறிபோனது. பெரியம்மாவிடம் போய்க் கெஞ்சினேன். அவள், "ஒன் வீட்டுக் கொழுந்துக்காக நா டீ குடிக்காம இருக்கணுமாக்கும்" என்று திட்டிக்கொண்டே விறகில் சுடவைத்தாள்.

மாமா ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்குப் போவதென்று முடிவான வாரம் அது. அந்த வியாழக்கிழமைதான் அது நடந்தது.

அம்மா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லவில்லை. திடீரென்று மழை கொட்டத் தொடங்கியது, துணியெல்லாம் கொடியில். விளையாட்டுக்குள் பொழுது சாய்கிற நேரம் வேறு. ரிமோட்டை (வயர் வைத்த அந்தக் கைப்பிடிக்கு எங்கள் வீட்டில் ரிமோட் என்றுதான் பேர்) அம்மாவின் கையில் திணித்தேன்.

"இத ஒருக்கா புடிம்மா. தொப்பிக்காரன் வருவான். இந்த வட்டத்த மட்டும் அமுக்கினாப் போதும்."

"போடி, எனக்கு அதெல்லாம் தெரியாது."

"மேல உள்ளது 'சரிங்க', கீழ உள்ளது 'முடியாது'. கை மேலதான் காட்டிக்கிட்டு இருக்கும், இந்தக் கீழ் அம்ப மட்டும் தொட்டுறாத" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நான் துணியை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வரும்போது உள்ளே ஒரு சத்தம். தம்பி கீச்சென்று கத்துகிறான். எட்டிப் பார்த்தால் திரையில் தொப்பிக்காரன் காலைத் தரையில் உதைத்து உதைத்துக் குதிக்கிறான். எங்கிருந்தோ ஒரு நாய் வந்தது. அவ்வளவுதான், சாக்கைப் போட்டுவிட்டு எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! பாலத்தடியில் இடறி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, எழும்பி, தொப்பி ஒரு பக்கம் உருள, அதைப் பிடிக்கப் போய் மறுபடி விழுந்து, கடைசியில் தொப்பியை நாயிடம் விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் மறைந்துபோனான். கீழே விழுந்த சாக்கு வெடித்தது. இத்தனை நாள் நாங்கள் கொடுத்ததெல்லாம் உருண்டோடி வந்து வண்டிக்குள் விழுந்தது. பாதி வண்டி நிறைந்துவிட்டது.

மாமா கட்டோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அம்மா சிரித்து நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "அய்யோ தொப்பி, தொப்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கானால் பகீரென்றது. நாளைக்குப் பேர் போடமாட்டானே!

"என்னம்மா செஞ்ச?"

"கை தவறிருச்சுடி" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மாமா தொண்டையைச் செருமி, ஜப்பானில் இப்படியும் ஒரு வழி உண்டு, அதை நாளைக்குச் சொல்லித் தருவதாக இருந்தேன் என்றார்.

போன வருடம் என் கைப்பேசியில் எதையோ தேடப் போய் அந்த விளையாட்டு அகப்பட்டது. யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் விளையாடிக் காட்டிக்கொண்டிருந்தான். கலரில் பார்த்தால் செடிகளில் இருந்ததெல்லாம் சிவப்புப் பழம். தொப்பிக்காரன் கோட்டுக்குள் கோடு போட்ட பனியன் போட்டிருக்கிறான். மூக்கைச் சுற்றியிருந்தது மப்ளர் அல்ல, முகத்தை மறைக்கிற துணி. உலகத்தில் வேறெந்த ஊர்ப் பிள்ளை பார்த்தாலும் முதல் பார்வையிலேயே திருடன் என்று சொல்லிவிடும். அவனிடம்தான் நாங்கள் அத்தனை மரியாதையோடு, நிறுவை நேரம் தவறாமல், ஒரு பழம் மிச்சம் வைக்காமல் கொடுத்து வந்திருக்கிறோம். நான் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை விடிந்தும் விளையாட்டுக்குள் யாரும் எங்கள் பேரை வெட்டவில்லை. மணியடித்தது, பொடியன் வெளியே வந்தான், செடியெல்லாம் அப்படியே இருந்தது. தொப்பிக்காரன் திரும்பி வரவே இல்லை. எடுத்ததெல்லாம் வண்டிக்கே போனது. சனிக்கிழமை சாயந்தரம் வண்டி விளிம்புவரை வந்துவிட்டது. ஒரே ஒரு நாள், அதாவது விளையாட்டுக்குள் ஒரே ஒரு நாள் எடுத்தால் கதவு திறந்துவிடும். நான் தம்பியைக்கூட ரிமோட்டைத் தொட விடவில்லை.

அந்த நேரத்தில்தான் இஸ்தோப்பில் ஆள் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா மலையில் இந்தக் கதையை நடித்தே காட்டியிருக்கிறாள் போலும். நிறுவை முடிந்ததும் பெண்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் கூடைகள் அடுக்கிக் கிடந்தன. நனைந்த சேலையும் கொழுந்து வாடையுமாக உள்ளே நிற்க இடமில்லை. மாமா காலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலில் நாலு பேருக்கு இடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கதவைத் திறப்பதைப் பார்க்க லயமே வந்திருக்கிறது!

"இந்த வண்டி ரொம்பினதும் அந்தக் கதவு தெறக்கும்" என்று எல்லோருக்கும் பெருமையாக விளக்கினேன்.

"அது கெடக்கட்டும் பாப்பா" என்றாள் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. "அந்தத் தொப்பிக்காரன் எங்க?"

"அவன் ஓடிட்டான் பெரியம்மா. இனிமே வரமாட்டான்."

"அவன் ஓடுறதப் பாக்கத்தானே நாங்க வந்தோம்!"

அவன் மறுபடி வர வேண்டுமென்றால் ஆட்டத்தை முதலிலிருந்து போட வேண்டும், போட்டால் வண்டி போய்விடும், கதவு போய்விடும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து குந்தினாள். எங்கள் வீட்டில் அம்மா சொல்லுவாள், கேட்கமாட்டாள். அன்று கேட்டாள்.

"ஒருக்கா போடேன் பாப்பா. நேத்துலேருந்து அதையே சொல்லிக்கிட்டு இருக்காளுங்க. பாவம்ல."

"கதவும்மா..."

"கதவு எங்க போயிரப்போகுது?"

நாளைக்குக் காலையில் ரயிலில் கொழும்புக்குத்தான் போகப்போகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கட்டில் பக்கமிருந்து ஊன்றுகோல் ஒன்று நீண்டு வந்தது. பூனையைத் தள்ளிவிட்டு, பெட்டியின் பட்டனை ஒரு குத்துக் குத்தியது. திரை இருண்டது. மலை, வண்டி, பாலம், ஜன்னல் வெளிச்சம், எல்லாம் போச்சு. மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் போர்வைக்குள் புகுந்துகொண்டு ஓவென்று அழுதேன். யாருக்கும் என்மேல் இரக்கம் இல்லை, பெற்ற அம்மாவே சதி செய்துவிட்டாள் என்று நினைத்தேன். வெளியே அவர்கள் தாங்களாகவே விளையாடப் பார்த்தார்கள். பொடியன் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். யாராலும் ஒரு செடியில்கூடக் கை வைக்க முடியவில்லை. "வயசு பூரா கொழுந்து கிள்ளினதுதான் மிச்சம், இங்க ஒன்னக்கூடக் கிள்ளத் தெரியலையே" என்று யாரோ சொல்ல, ஒரே கொல்லென்ற சிரிப்பு. பெரியம்மா போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"கங்காணியம்மா, கொஞ்சம் எந்திரிச்சு வாங்க. நீங்க இல்லாம வேல ஓடலீங்க."

இரண்டு தடவை முறுக்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை கூப்பிடும்போது எழுந்து போனேன். என்ன செய்வது, அந்த லயத்தில் அந்த வேலை தெரிந்த ஆள் நான்தானே. ரிமோட்டை வாங்கி நிரை நிரையாக எடுத்துத் தள்ளினேன். "எம்மாடி, கை என்னமா ஓடுது பாரு" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாராட்டில் கதவு துக்கம் கொஞ்சம் தணிந்தது. கூடை நிறைந்ததும் மணியடித்தது. தொப்பிக்காரன் வந்து சாக்கை விரித்தான். ரிமோட்டைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவள் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"வட்டத்த அமுக்கினா சரிங்க. முடியாதுன்னா மொதல்ல இந்தக் கீழ் அம்ப அமுக்கணும், பொறகுதான் வட்டம்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

பெரியம்மா திரையைப் பார்த்தாள். அம்பை அழுத்தினாள். பிறகு வட்டத்தை அழுத்தினாள்.

"அய்யய்யோ, கை தவறிருச்சு!" என்றாள்.

தொப்பிக்காரன் கானுக்குள் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அடுத்த லயத்திலிருந்து ஆட்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். "எனக்கு, எனக்கு" என்று அடுத்தவள் கை நீட்டினாள். மாமா ஊன்றுகோலால் பட்டனைக் குத்தினார், நான் மறுபடி நிரை பிடித்தேன், மணியடித்தது, சாக்கு விரிந்தது. அவளுக்கும் கை தவறிவிட்டது. அதற்கடுத்தவளுக்கும் தவறிவிட்டது. ஒவ்வொருத்தியும் ஓடுகிறவனைப் பார்த்து ஒன்று சொன்னாள். "சாக்க விட்டுட்டுப் போறியே ராசா", "நாளைக்கு வெள்ளனா வந்துரு, தண்ணி வடிச்சு வைக்கிறோம்" என்றெல்லாம் சொல்லிவிட்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள்.

கடைசிக் காம்பரா அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் யாரிடமும் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. பெரட்டில்கூட எல்லோருக்கும் பின்னால் தலைகுனிந்துதான் நிற்பாளாம். அவள் முறை வந்தபோது வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினாள். அம்மாதான் ரிமோட்டை அவள் கையில் வைத்து, கையைச் சேர்த்துப் பிடித்தாள். தொப்பிக்காரன் சாக்கை விரித்துக்கொண்டு காத்திருந்தான். அக்கா உடனே அழுத்தவில்லை. அவன் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கு எவ்வளவு வெட்டுவீங்க?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டாள், மரியாதையாகத்தான் கேட்டாள். பதில் வருகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அம்பு, பிறகு வட்டம்.

அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் விழுந்து எழும்பி மலையைத் தாண்டுகிறவரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. வந்தது, நிற்கவே இல்லை. பெரியம்மா தன் வீட்டுப் பானையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் டீ போட்டாள். நல்லவேளை, விறகில்தான் போட்டாள்.

மறுநாள் காலை மாமா பெட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். இரண்டு பேர் மறுபடியும் அவரைச் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு திறக்கவில்லை, அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவும் இல்லை. அம்மாவோடு முச்சந்தி வரைக்கும் போனேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், ராத்திரியிலிருந்து வேறொரு விஷயம் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இவர்களெல்லாம் விடிந்தால் பொழுது சாயும்வரை இரண்டு விரலால் கொழுந்து கிள்ளுகிறவர்கள். ஒரு முற்றின இலை கூடைக்குள் விழாது, அப்படிப்பட்ட கைகள். கீழ் வரிக்குப் போக முதலில் அம்பு, பிறகு வட்டம் என்று இரண்டு தடவை அழுத்த வேண்டும். அத்தனை பேருக்கும், அம்மா உட்பட, அந்த ஒரே இடத்தில் இரண்டு தடவையும் எப்படிக் கை தவறும்?

யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். திரீவீலர் கிளம்பும்போது ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, அந்த ரிமோட்டுல பட்டன் பழுதாப்போச்சு போல. கடைக்குப் போனதும் கழட்டிப் பாருங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஸ்டேஷன் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதிலிருந்து தன் தம்பியைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பாத்தேன் பாப்பா. அதுல ஒரு பழுதும் இல்ல" என்றார் மாமா.